ஓட்டுக் கூரையில் பாசி

பத்தாம் வகுப்பு மாணவி, சுருளிப்பட்டி

மழை பெய்தால் மகிழாத உழவர் இல்லை. ஆனால் மழை ஓய்ந்தபின் தம் வீட்டுக் கூரையை நிமிர்ந்து பார்ப்பவர் நம்மில் மிகச் சிலரே. தரையில் பாசி பிடித்தால் வழுக்கும். ஆகவே உடனே தேய்த்துக் கழுவுகிறோம். கூரையில் பிடிக்கும் பாசியோ நம் கண்ணுக்குப் படுவதில்லை. ஓடு ஒழுகத் தொடங்கும்போதுதான் ஏணியைத் தேடுகிறோம். சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுக் கூரையைத் தூய்மை செய்ய முடிவு செய்தபோது, எந்த முறையில் செய்வது என்று வீட்டில் நான்கு பேர் நான்கு யோசனை சொன்னார்கள். அவற்றை நாங்கள் எவ்வாறு ஆராய்ந்தோம், எதைத் தேர்ந்தோம் என்பதைத் தோழியருக்குச் சொல்வதே இக்கட்டுரை. ஓட்டு வீட்டில் வாழும் தோழியர் நம் பள்ளியில் பலர் உண்டு.

எங்கள் ஊர் மேகமலை அடிவாரத்தில் உள்ளது. ஊருக்கு அப்பால் சுருளி அருவி. ஆனி, ஆடி மாதங்களில் மலைக்கு மேற்கே கேரளத்தில் கொட்டும் தென்மேற்குப் பருவமழையின் சாரல் நமக்குக் கிடைக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை நேராகவே பெய்கிறது. ஆக, கம்பம் பள்ளத்தாக்கின் கூரைகள் ஆண்டில் இரண்டு முறை நனைந்து, இரண்டு முறை காய்கின்றன. ஒரு பக்கம் மட்டும் சரியாகக் காய்வதில்லை.

எங்கள் கூரையில் வடக்குச் சரிவுதான் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் இருந்தது. தெற்குச் சரிவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மட்டுமே பாசி. இதற்குக் காரணம் என்ன? பூகோளப் பாடம் விடை தருகிறது. நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் உள்ளது. ஆகஸ்ட் மாத இறுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்குத் தெற்கே சாய்ந்தே செல்கிறது. வடகிழக்கு மழை பெய்து முடிந்த மார்கழி, தை மாதங்களில் வடக்குச் சரிவுக்கு வெயில் குறைவு. போதாதற்கு அடுத்த வீட்டுப் புளியமரம் அந்தப் பக்கம்தான் கிளை நீட்டி நிற்கிறது. நிழலும் ஈரமும் புளிய இலைச் சருகும் ஓரிடத்தில் கூடினால் பாசிக்கு வேறென்ன வேண்டும்?

பாசி என்று நாம் பொதுவாகச் சொல்வது உண்மையில் ஒன்றல்ல. வழவழப்பான பச்சைப் படலமாகப் படிவது ஆல்கா. சாம்பல் நிறத் திட்டுகளாக ஓட்டோடு ஒட்டிக்கிடப்பது லைக்கன். அது பூஞ்சையும் ஆல்காவும் கூடி வாழும் கூட்டுக் குடும்பம். மெத்தை போல எழும்பி நிற்பதுதான் மாஸ் என்னும் பிரையோபைட்டு வகைத் தாவரம். அதற்கு உண்மையான வேர் கிடையாது. ரைசாய்டுகள் என்னும் மெல்லிய இழைகளால் ஓட்டைப் பற்றிக்கொள்கிறது. நீரை உடல் முழுவதாலும் உறிஞ்சுகிறது. வெயிலில் பழுப்பேறிச் செத்தது போல் கிடக்கும். ஒரு மழை பெய்ததும் மீண்டும் பச்சையாகிவிடும். காய்ந்த பாசிக் கட்டி ஒன்றைத் தட்டில் வைத்து இரண்டு கரண்டி நீர் ஊற்றிப் பாருங்கள். சிறிது நேரத்தில் அது சுருள் அவிழ்ந்து நிமிர்வதைக் காணலாம். எங்கள் தம்பி இதைப் பார்த்துவிட்டு, ஒரு வாரம் வரை வருகிறவர்களுக்கெல்லாம் வித்தை காட்டிக்கொண்டிருந்தான்.

அழகாகத்தானே இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்கலாம். இதற்கு ஓட்டின் அமைப்பைச் சற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பது சீமை ஓடு, அதாவது மங்களூர் ஓடு. சுவிட்சர்லாந்திலுள்ள பாசல் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பாசல் மிஷன், 1865 ஆம் ஆண்டில் மங்களூரில் இதற்கென ஒரு தொழிற்சாலையைத் தொடங்கியது. ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்பவர் அம்முயற்சியில் முன்னின்றார். பின்னர் கோழிக்கோட்டை அடுத்த பெரோக்கிலும் திருச்சூரை அடுத்த ஒல்லூரிலும் ஓட்டுத் தொழில் வளர்ந்தது. நாட்டு ஓடு ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்தும் மல்லாத்தியும் அடுக்கப்படுவது. சீமை ஓட்டிலோ பக்கத்து ஓட்டோடு கோத்துக்கொள்ளும் வரம்பும் பள்ளமும் உண்டு. மழைநீர் அந்தப் பள்ளத்தில் ஓடி, கீழ் ஓட்டின்மேல் விழுந்து, இறங்கிச் செல்ல வேண்டும். பாசி முதலில் குடியேறுவதும் அந்தப் பள்ளத்தில்தான். பள்ளம் அடைபட்டால் நீர் தேங்கி, வரம்பைத் தாண்டி உள்ளே இறங்குகிறது. கீழே ரீப்பர் கட்டை நனைகிறது. நனைந்த கட்டையைக் கறையான் தேடி வருகிறது. ஓடு தானும் சுட்ட மண்தானே. பாசி மெத்தை போர்த்திய ஓடு மழை நின்ற பின்னும் நாட்கணக்கில் ஈரமாகவே இருக்கும்.

எங்கள் வீட்டில் அப்பத்தாவின் கட்டிலுக்கு நேர் மேலே சுவரோரம் ஈரக்கறை ஒன்று தென்பட்டது. அதனால்தான் சித்திரை மாதத்தில் பேச்சு எழுந்தது. ஆனிச் சாரல் தொடங்குமுன் வேலையை முடித்தாக வேண்டும்.

சித்தப்பா திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறார். கம்பம் பன்னீர்த் திராட்சை 2023 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றதை நாம் அறிவோம். அவர் சொன்னது: “மயில்துத்தம் மிச்சம் இருக்கு. சுண்ணாம்பு சேத்து போர்டோ கலவையா ஒரு டேங்க் அடிச்சா, பாசி பத்து நாள்ல கருகிரும். ஏறவும் வேண்டாம், சுரண்டவும் வேண்டாம்.” அவர் சொன்னதில் உண்மை உண்டு. செம்பு பாசியைக் கொல்லும். இக்கலவையின் வரலாறே சுவையானது. பிரான்ஸ் நாட்டில் போர்டோ நகருக்கு அருகே, சாலையோரத் திராட்சையைத் திருடர் பறிக்காதிருக்கும்படி மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்தார்களாம். அந்தக் கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் தாக்காததை மில்லார்டே என்னும் தாவரவியல் பேராசிரியர் கவனித்தார். ஆராய்ந்து 1885 இல் வெளியிட்டார். திருடனுக்கு வைத்தது பூஞ்சைக்கு மருந்தாயிற்று.

மாமா ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றச் சொன்னார். வாகனங்களைக் கழுவும் விசைக்குழாயை வாடகைக்கு எடுத்து வந்து பீய்ச்சி அடிக்கலாம் என்றான் அண்ணன். அப்பத்தா மட்டும், “ஓட்டைப் பிரிச்சு இறக்கி, தேச்சு, காயவச்சு ஏத்துங்கப்பா. எங்க காலத்துல அப்பிடித்தான்” என்றார்கள். அது பழைய முறை என்று முதலில் யாரும் காது கொடுக்கவில்லை.

முறையைத் தேர்வதற்குமுன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது. கூரையில் ஊற்றுவது எதுவாயினும் அது எங்கே போய்ச் சேரும்? தமிழ்நாட்டில் 2003 ஆம் ஆண்டில் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. அப்போது எங்கள் வீட்டிலும் கூரைத் தண்ணீரைக் குழாய் வழியாக இறக்கி, கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய தொட்டியில் வடித்து, கிணற்றில் விட்டார்கள். அந்தக் கிணற்று நீரைத்தான் நாங்கள் குடிக்கிறோம்.

இனிச் சிறிது கணக்குப் போடுவோம். எங்கள் கூரை மூடும் பரப்பு 30 அடி நீளம், 20 அடி அகலம். அதாவது 600 சதுர அடி. ஏறத்தாழ 56 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லி மீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர் சேரும். ஆகவே 1 செ.மீ. மழைக்கு எங்கள் கூரையிலிருந்து 560 லிட்டர் இறங்கும்.

தோட்டத்தில் தெளிக்கும் 1 சதவீத போர்டோ கலவைக்கு 100 லிட்டர் நீரில் 1 கிலோ மயில்துத்தமும் 1 கிலோ சுண்ணாம்பும் சேர்ப்பார்கள். சித்தப்பா சொன்னபடி 10 லிட்டர் அடித்தால் 100 கிராம் மயில்துத்தம் கூரைக்கு ஏறும். மயில்துத்தத்தில் நான்கில் ஒரு பங்கு செம்பு. ஆகவே சுமார் 25 கிராம் செம்பு. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஒரு லிட்டருக்கு 0.05 மில்லி கிராம் செம்பு வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 மில்லி கிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம். 25 கிராமை 0.05 மில்லி கிராம் அளவுக்கு நீர்க்கச் செய்ய 5 லட்சம் லிட்டர் நீர் வேண்டும். எங்கள் கூரையில் அவ்வளவு நீர் இறங்க வேண்டுமானால் சுமார் 900 செ.மீ. மழை பெய்ய வேண்டும்! சிரபுஞ்சிக்காரர்கள் வேண்டுமானால் அடித்துக்கொள்ளட்டும். 1.5 மில்லி கிராம் என்ற அளவை எடுத்துக்கொண்டாலும் சுமார் 17,000 லிட்டர், அதாவது 30 செ.மீ. மழை ஆகும்.

செம்பு முழுவதும் ஒரே நாளில் கரைந்து வந்துவிடாது; கிணற்றில் ஊற்று நீரும் உண்டு. இதைச் சித்தப்பாவே எடுத்துக்காட்டினார். ஆனால் சுண்ணாம்பு செம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு சிறிது சிறிதாக விடுவதுதான் போர்டோ கலவையின் சிறப்பு. கொடியின் இலையில் அது பல நாள் நிற்பது அதனால்தான். கூரையிலும் அப்படியே பல மழைகளுக்குக் கசிந்துகொண்டிருக்கும். கரைந்து வரும் செம்பை மணல் தொட்டி தடுத்து நிறுத்தும் என்று நம்ப முடியாது. மேலும் எங்கள் கூரையின் இரண்டு சரிவுகள் கூடும் மூலையில் துத்தநாகம் பூசிய தகரக் கால்வாய் இருக்கிறது. மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால் அதன்மேல் செம்பு படிவதை நம் ஆய்வகத்தில் எல்லோரும் செய்து பார்த்திருக்கிறோம். இரும்பைவிடத் துத்தநாகம் இன்னும் வினைத்திறன் மிக்கது. செம்பு கலந்த நீர் ஓட ஓட அந்தப் பூச்சு அரிக்கப்படும். பிறகு தகரம் துருவாகிவிடும். கணக்குத்தாளைப் பார்த்ததும் சித்தப்பா, “மருந்து கொடிக்கே இருக்கட்டும்” என்று விட்டுவிட்டார். அவர் எளிதில் விட்டுக்கொடுப்பவர் அல்லர்.

மாமா, “கிணற்றிலேயே ப்ளீச்சிங் பவுடர் போடுகிறோமே!” என்று கேட்டது நியாயமான கேள்விதான். கிணற்றில் போடுவது நீரின் அளவைக் கணக்கிட்டுக் கிராம் கணக்கில் போடுவது. பாசியைக் கருக்க வேண்டுமானால் பல மடங்கு கெட்டியாகக் கரைக்க வேண்டும். அது தகரத்தையும் ஆணியையும் அரிக்கும். தாழ்வாரத்தை ஒட்டியுள்ள கறிவேப்பிலைக் கன்றையும் மல்லிகையையும் கருக்கும். அமிலம் கலந்த கழுவு திரவம் எதனோடும் அது சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும் என்பது நம் பாடப்புத்தகத்திலேயே உள்ளது. இவ்வளவு செய்தும் நிழலும் சருகும் அப்படியே இருப்பதால் அடுத்த மழையில் காற்றோடு வரும் ஸ்போர்கள் மறுபடியும் முளைக்கும்.

அண்ணனின் விசைக்குழாயில் மருந்து எதுவும் இல்லை என்பது உண்மை. ஆனால் ஓடுகள் மேலிருந்து கீழே வழியும் நீருக்காக அடுக்கப்பட்டவை. விசையோடு பாயும் நீர் அடுக்கின் இடுக்கு வழியே உள்ளே ஏறி, எதைக் காப்பாற்ற முயல்கிறோமோ அந்த ரீப்பர் கட்டையையே நனைக்கும். பழைய ஓட்டின் மேல்தோலையும் பெயர்க்கும். தோல் பெயர்ந்து சொரசொரப்பான ஓட்டில் பாசி முன்னிலும் வசதியாக அமரும்.

மேற்பரப்பைக் கெடுக்காமல் பாசி நீக்குவது பெரிய கட்டடங்களிலும் பெரிய சிக்கலாகவே இருந்திருக்கிறது. கம்போடியாவின் அங்கோர் வாட் கோயிலில் நம் இந்தியத் தொல்லியல் துறை 1986 முதல் 1993 வரை பணி செய்தது. கல்லில் படிந்திருந்த பாசி, லைக்கன்களை அம்மோனியாக் கரைசலும் தூரிகையும் கொண்டு நீக்கினார்கள். போர்ச் சூழலில் வேறு எவரும் செல்லத் தயங்கிய காலத்தில் அவர்கள் சென்றது பெருமைக்குரியது. ஆயினும் அந்தத் தேய்ப்பால் மணற்கல்லின் மேற்பரப்பு கெட்டது என்று பிற நாட்டு வல்லுநர் குறை கூறினர். கோயிலுக்கே இப்படியென்றால் நம் ஓட்டை இரும்புக் கம்பித் தூரிகையால் பிறாண்டலாமா?

எஞ்சியது அப்பத்தாவின் முறை. அதைச் செலவுக்கு அஞ்சி ஒதுக்கியிருந்தோம். இரண்டு ஆட்களுக்கு மூன்று நாள் கூலி ஆகும். ஆனால் சீமை ஓடு ஆணியடித்துப் பொருத்தப்படுவதில்லை; தன் எடையாலும் பின்புறக் குமிழாலும் ரீப்பரில் தொங்கி நிற்கிறது. வரிசையாகப் பிரித்து இறக்கலாம். தேய்ப்பதும் கழுவுவதும் தரையில் நடக்கும் என்பதால், கூரைமேல் வழுக்கும் வேலை மிகவும் குறைகிறது. பாசி பிடித்த ஓட்டின்மேல் நனைந்த காலோடு நடப்பதைவிட ஆபத்தானது வேறில்லை. செலவைக் குறைக்க ஒரு வழியும் தோன்றியது. தெற்குச் சரிவில் பிரிக்க வேண்டியதில்லை. காய்ந்திருக்கும்போது தென்னை விளக்குமாற்றால் மேலிருந்து கீழாகக் கூட்டினால் போதும். வடக்குச் சரிவை மட்டும் பிரிப்பது என்று முடிவாயிற்று.

ஓடு மேய்ந்து பழகிய இருவர் வந்தார்கள். மூங்கில் ஏணியைச் சரிவின்மேல் படுக்கவைத்து, தலைப்பை முகட்டுக்கு மறுபுறம் கயிறு போட்டுக் கட்டி, ஏணியின் மேலேயே நகர்ந்தார்கள். எடை ஓர் ஓட்டில் விழாமல் பரவிவிடுகிறது. இறங்கிய ஓடுகளை நாங்களும் அம்மாவும் சித்தியும் வாங்கி அடுக்கினோம். காய்ந்த பாசியைத் தேங்காய் நாரால் தேய்த்தாலே உதிர்ந்துவிட்டது. பள்ளத்தில் இருந்ததை மட்டும் மூங்கில் சிம்பால் நெம்பினோம். லைக்கன் திட்டுகளை அப்படியே விட்டுவிட்டோம். அவை மெல்லியவை, நீரைத் தடுப்பதில்லை. வெறும் நீரில் அலசி, ஒரு நாள் முழுவதும் சித்திரை வெயிலில் சாய்த்து வைத்தோம். தட்டிப் பார்த்து, கணீரென்று ஒலிக்காமல் மொட்டையாக ஒலித்தவற்றைக் கீறலுள்ளவை என்று ஒதுக்கினோம். உதிர்ந்த பாசியும் சருகும் மூன்று கூடை. தென்னையின் பாத்திக்குப் போயிற்று.

இரண்டாம் நாள் காலையில்தான் அது தெரிந்தது. பாசி மிகத் தடிப்பாக இருந்த இடத்தில், அப்பத்தாவின் கட்டிலுக்கு மேலே, அடுத்தடுத்து நான்கு ரீப்பர்கள் கறையான் அரித்துப் பொரபொரத்துப் போயிருந்தன. ஒன்றைக் கையால் அழுத்தியதும் தூளாக உதிர்ந்தது. மேலே இருந்த ஓடுகள் பக்கத்து ஓடுகளின் பிடியில்தான் நின்றிருக்கின்றன. சீமை ஓடு ஒன்று 2 கிலோவுக்கு மேல் எடை. மருந்து தெளித்திருந்தாலும் பீய்ச்சியடித்திருந்தாலும் கூரை வெளியே சிவப்பாகப் பளபளத்திருக்கும். உள்ளே இருந்தது யாருக்கும் தெரிந்திராது. அன்று மாலையே ஆசாரி வந்து புதுக் கட்டை போட்டார். அப்பத்தா எதுவும் சொல்லவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புளியமரக் கிளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது அடுத்த வீட்டுப் பெரியவருடையது, காய்க்கும் கிளை. அப்பா போய்ப் பேசியதில், புளி உலுக்கி முடிந்ததும் கூரைக்கு மேல் வரும் பகுதியை மட்டும் வெட்டிக்கொள்ளச் சம்மதித்தார். வெயில் விழாதவரை எத்தனை முறை தேய்த்தாலும் பாசி திரும்ப வரும் என்பதால் இதுவும் கூரை வேலையின் ஒரு பகுதியே. தகரக் கால்வாயில் சேரும் சருகை மாதம் ஒருமுறை ஏணியில் நின்றபடியே நீண்ட கழியால் தள்ளிவிடுவது அண்ணனின் பொறுப்பு. ஆனியில் முதல் சாரல் பெய்தபோது, கூரையில் எஞ்சியிருந்த தூசியும் பாசித் துகளும் கிணற்றில் சேராதபடி, குழாயைத் திருப்பி இரண்டு நாள் நீரைத் தென்னைக்கு விட்டோம். முகட்டு ஓரம் ஓரிடத்தில் மட்டும் சொட்டியது. ஓர் ஓட்டை நகர்த்தியதும் நின்றது.

மாட்டுத் தொழுவத்தின் கூரையை மட்டும் நாங்கள் தொடவில்லை. அது ஆஸ்பெஸ்டாஸ் தகடு. தேய்த்தாலும் சுரண்டினாலும் கண்ணுக்குத் தெரியாத கல்நார் இழைகள் காற்றில் கலக்கும். மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலை விட்டு வெளியேறா. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் விளைவிப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியுள்ளது. பழைய தகடு மேலே ஏறுபவரின் எடையையும் தாங்காது. திடீரென உடைந்து ஆளைக் கீழே விட்டுவிடும். அந்தக் கூரை நீர் கிணற்றுக்குப் போவதில்லை, வாய்க்காலுக்குப் போகிறது. எனவே தொழுவத்தின் மேல் பாசி பச்சையாகவே இருக்கிறது. தகடுகளை மாற்றும்போதுதான் அதுவும் இறங்கும். அதற்குக் காசு சேர வேண்டும்.